குப்பியில் ஆறு கேப்பு

எங்கள் வீட்டில் ரேஷன் கார்டு, சிலிண்டர் புத்தகம், பிள்ளைகளின் ஞானஸ்நானச் சான்றிதழ் எல்லாம் ஒரு பிஸ்கட் தகரத்தில் கிடக்கும். அதே தகரத்தில் ஒரு துப்பாக்கி லைசன்ஸும் இருக்கிறது. அது என் பெயரில். தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். பழைய ஆட்கள் சிரிக்க மாட்டார்கள், அவர்களுக்கு என் குணம் தெரியும்.

துப்பாக்கி என் மாமனாருடையது. வாய் வழியாகக் கருமருந்தைக் கொட்டி, மேலே தேங்காய் நாரை வைத்து, கம்பியால் இடித்துக் கெட்டிக்கிற ஒற்றைக்குழல் துப்பாக்கி. எனக்குத் தெரிந்து அது ஒரு காக்காயைக்கூடச் சுட்டதில்லை. அதற்கு வருஷத்தில் ஒரே ஒரு வேலைதான். டிசம்பரில் எங்கள் மாதா கோயில் திருநாளுக்கு வள்ளப் போட்டி நடக்கும். அந்தப் போட்டியைத் தொடங்கிவைக்கக் கடலைப் பார்த்து ஒரு வெடி. குண்டு கிடையாது, வெறும் மருந்தும் நாரும். மாமா இருந்தவரை மாமா போட்டார். அவருக்குப் பிறகு என் வீட்டுக்காரர் போட்டார்.

மாமா போன பிறகு லைசன்ஸை மாற்றுவதற்காக நானும் அவரும் கலெக்டர் ஆபீசுக்குப் போனோம். அங்கிருந்த அதிகாரி, "வருஷத்துல பத்து மாசம் கப்பல்ல இருக்கிறவருக்குத் துப்பாக்கி எதுக்கு? யார் பொறுப்பு?" என்று கேட்டார். இவர் தலையைச் சொறிந்தார். எனக்குச் சுள்ளென்று வந்தது. "நான்தான் பொறுப்பு. வீடு, பிள்ளை, கரண்டு பில்லு எல்லாத்துக்கும் நான்தான் பொறுப்பு. இதுக்கு மட்டும் ஆளா தேடணும்?" என்றேன். விசாரணை, படிவம், போலீஸ்காரர் வீட்டுக்கு வந்து பார்ப்பது எல்லாம் முடிந்து புத்தகம் என் பெயருக்கு வந்தது. அவர் பெயரையும் உள்ளே சேர்த்துக் கொடுத்தார்கள்.

அவர் கல்யாணமான புதிதில் மாலத்தீவுக்கு வெங்காயமும் செங்கலும் ஏற்றிப்போகும் தோணியில் இருந்தார். போனால் இருபது நாள், ஒரு மாதம், திரும்பிவிடுவார். பிறகு வளைகுடாவில் இழுவைக் கப்பல் வேலை கிடைத்தது. போனால் ஒன்பது மாதம், பத்து மாதம். இருபத்தாறு வருஷக் குடும்ப வாழ்க்கையில் அவர் வீட்டில் தூங்கிய நாட்களைக் கூட்டினால் ஐந்து வருஷம் தேறுமா என்பது சந்தேகம். ஆனால் டிசம்பர் திருநாளுக்கு மட்டும் எப்படியாவது வந்துவிடுவார். எனக்காக வந்தார் என்று சொல்ல ஆசைதான். உண்மை என்னவென்றால், வெடி போடுவதற்காக வருவார். "எங்க அப்பா போட்ட வெடிய வேற எவனும் போடக் கூடாது" என்பார். சரி, எதற்கோ வருகிறார், வந்தால் போதும் என்று நானும் இருந்தேன். ஆசைக்கு வெட்கம் ஏது.

கேப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கேப்பு என்பது பாதி நகம் அளவுகூட இல்லாத ஒரு உலோகத் தொப்பி. உள்ளே அடியில் ஒரு புள்ளி மருந்து ஒட்டியிருக்கும். துப்பாக்கியின் பின்புறம் நடுவில் ஓட்டையுள்ள ஒரு சின்ன இரும்பு முனை இருக்கிறது. கடைக்காரர்கள் நிப்பிள் என்பார்கள், எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் மூக்கு. மூக்கின் மேல் கேப்பை மாட்டி, சுத்தியல் மாதிரி இருக்கிற குதிரையைப் பின்னால் இழுத்து நிறுத்தி, விசையை அமுக்கினால், குதிரை வந்து கேப்பின் தலையில் அடிக்கும். பொறி ஓட்டை வழியாக உள்ளே போய் மருந்தைப் பற்றவைக்கும். ஊரில் எல்லோரும் சூட்சுமம் மருந்தில் இருப்பதாக நினைக்கிறார்கள். மருந்து எதை வைத்தாலும் எரியும். கேப்பு சரியில்லை என்றால் 'டொக்' என்று ஒரு சத்தம் மட்டும் கேட்கும், மானம் போகும்.

மாமா கேப்பு பொறுக்குவதை நான் அடுப்பு வேலையோடு குசினி வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரிதான். விளிம்பு கிழிந்தது வேண்டாம். பச்சை பூத்தது வேண்டாம், உப்புக்காற்று தின்றுவிட்டது என்று அர்த்தம். மூக்கில் மாட்டினால் ஆடக் கூடாது. ஆடினால் அதை நசுக்கி இறுக்கிப் போடுவது சோம்பேறியின் வேலை. அதேபோல ரொம்ப இறுக்கமாகவும் இருக்கக் கூடாது. இறுக்கமான கேப்பு அடிவரை இறங்காமல் பாதியில் நிற்கும். குதிரையின் முதல் அடி அதை உள்ளே தள்ளுவதிலேயே செலவாகிவிடும், இரண்டாவது அடிக்குத்தான் வெடிக்கும். அப்படி முதல் அடியில் வெடிக்காவிட்டால் உடனே கிட்டே போய்ப் பார்க்கக் கூடாது. உள்ளே நெருப்பு கனன்றுகொண்டு இருக்கலாம். குழலைக் கடல் பக்கமே பிடித்துக்கொண்டு மாதாவுக்கு ஒரு அருள்நிறை மந்திரம் முழுதாகச் சொல்லி முடித்த பிறகே குதிரையில் கை வைக்க வேண்டும். இது எங்கள் வீட்டுச் சட்டம். கடிகாரம் பார்த்து நிற்க யாருக்குப் பொறுமை இருக்கிறது, மந்திரம் என்றால் வாய் தானாகச் சொல்லிவிடும்.

இரண்டு வருஷத்துக்கு முன், திருநாள் முடிந்து அவர் கிளம்பிய காலையில் நடந்தது இது. சட்டையெல்லாம் மாட்டிக்கொண்டு, பெட்டியை வாசலில் வைத்துவிட்டு, குசினி மேசையில் வந்து உட்கார்ந்தார். பழைய கேப்புத் தகரத்தைத் தட்டில் கொட்டி, கண்ணாடியை மூக்கில் இறக்கி, ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து, ஆறு செம்புக் கேப்பைப் பொறுக்கி ஒரு மாத்திரைக் குப்பியில் போட்டார். வறுத்த அரிசி நாலு மணி உள்ளே போட்டு மூடினார், ஈரம் ஏறாமல் இருக்க. விமானத்துக்கு நேரமாகிறது என்று நான் கத்திக்கொண்டிருந்தேன்.

"ஒருவேளை அடுத்த திருநாளுக்கு என்னால வர முடியலன்னா, நீ போடு. இதுலேருந்து எடுத்துப் போடு."

"வர முடியலன்னான்னு என்ன பேச்சு இது? எப்ப ஒரேயடியா வருவியன்னு நான் கேட்டுக்கிட்டு இருக்கேன்."

அவர் குப்பியை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டார். "ஏளா, இது தீருததுக்குள்ள ஒரேயடியா வந்திருவேன்" என்றார். அவர் கை சூடாக இருந்தது. நான் குப்பியை முந்தானையில் முடிந்துகொண்டேன்.

அடுத்த டிசம்பரில் அவர் வரவில்லை. ஒப்பந்தத்தை நீட்டிவிட்டார்கள். நான் போட்டேன். பெண் பிள்ளை துப்பாக்கி தூக்கிக்கொண்டு வருகிறாளே என்று கரையில் இரண்டு பேர் விசில் அடித்தார்கள். குப்பியிலிருந்து ஒரு கேப்பு, முதல் அடி, வெடி. விசிலடித்தவர்கள் கையைத் தட்டினார்கள். வீட்டுக்கு வந்து அழுதேன். எதற்கு என்று கேட்ட மகளிடம் புகை கண்ணில் பட்டுவிட்டது என்றேன். அவளும் நம்பின மாதிரி காட்டிக்கொண்டாள்.

அதற்கு அடுத்த வருஷம், அதாவது இந்த வருஷம், தேர்தல் வந்தது. தேர்தல் என்றால் லைசன்ஸ் துப்பாக்கிகளை எல்லாம் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டும். எல்லாம் முடிந்து நாங்கள் திரும்ப வாங்கும்போது துப்பாக்கி ஜலதோஷம் பிடித்த மாதிரி இருந்தது. மூக்கில் துரு ஏறி ஓட்டையே அடைத்துவிட்டது. அவர்களைக் குறை சொல்லக் கூடாது, நம் ஊர்க் காற்றுக்கு வீட்டுச் சன்னல் கம்பியே தாங்குவதில்லை. ஒரு வாடகைக் காரில் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு திருநெல்வேலி துப்பாக்கிக் கடைக்குப் போனேன். பின்சீட்டில் என்ன இருக்கிறது என்று தெரிந்ததும் டிரைவர் தம்பி வழி முழுக்கக் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார்.

கடைக்காரர், "சார் வரலையா?" என்றார்.

"புத்தகத்துல யாரு போட்டோ இருக்குன்னு பாருங்க அண்ணாச்சி."

பார்த்தார். பிறகு ஒழுங்காகப் பேசினார். துருப்பிடித்த மூக்கைக் கழற்றிப் புதிதாக ஒன்றை மாட்டினார். பழைய அளவு இப்போது கிடைப்பதில்லையாம், இது ஒரு நூல் தடிப்பு. அதற்கேற்ற மாதிரி பித்தளை நிறத்தில் புதுக் கேப்பு ஒரு டப்பா கொடுத்து, புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். "பழைய கேப்பு இருந்தாப் போடாதீங்கம்மா, இதுல இறங்காது" என்று இரண்டு தடவை சொன்னார்.

நான் துறைமுகத்துப் பக்கம் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். கண்டெய்னர் சீல் நம்பரை மூன்று தடவை ஒத்துப்பார்த்தே பழகிய கண். யார் சொன்னாலும் நானே பார்க்காமல் நம்ப மாட்டேன். வீட்டுக்கு வந்து, குழலில் கம்பியை விட்டு உள்ளே ஒன்றும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, பின்கட்டில் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்தேன். குழலின் வாயை அதற்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்து, வெறும் கேப்பை மட்டும் அடித்தேன். கேப்பும் மூக்கும் சரியாக இருந்தால் அந்தக் காற்றே குழல் வழியாக வந்து மெழுகுவர்த்தியை அணைத்துவிடும். புதுக் கேப்பு மூன்று போட்டேன். மூன்று தடவையும் முதல் அடியில் அணைந்தது. பிறகு பழைய தகரத்துச் செம்புக் கேப்பில் மூன்று. கட்டைவிரலால் அமுக்கியும் அடிவரை இறங்கவில்லை. முதல் அடியில் டொக். மந்திரம். இரண்டாவது அடியில் படார். மூன்றும் அப்படித்தான். ஆக, கடைக்காரர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. என் வீட்டுக்காரர்கிட்டேயும் போனில் சொன்னேன். "அப்ப புதுசப் போடு" என்றார்.

குப்பியில் மீதி இருந்தது ஐந்து.

இந்தத் தடவையும் அவருக்கு விடுப்பு கிடைக்கவில்லை. திருநாளுக்கு முன்னால் கோயில் கமிட்டித் தலைவர் வீட்டுக்கு வந்தார். தங்கமான மனிதர், ஆனால் எதையும் சுற்றி வளைத்துச் சொல்லத் தெரியாது.

"தங்கச்சி, பசங்க எல்லாம் சைரன் வச்சுக்கலாம்னு சொல்லுதானுவ. பட்டனை அமுக்குனா ஊதிரும். உங்க மாமா காலத்து வழக்கம்னு நான்தான் இழுத்துப் பிடிச்சிருக்கேன். இந்த வருஷம் மட்டும் வெடி பிசகிச்சுன்னு வையி, என்னால ஒண்ணும் பேச முடியாது."

"பிசகாது அண்ணாச்சி" என்றேன்.

தலைவர் கிளம்பிப் போனார். வெடி போனால் என் வீட்டுக்காரர் ஊருக்கு வருவதற்கு இருக்கிற ஒரே சாக்கும் போய்விடும். 'நான் இருக்கேன், வாங்க' என்று சொல்லிப் பார்த்தாயிற்று. அதற்கெல்லாம் விடுப்பு கொடுக்க மாட்டார்களாம். எத்தனை வருஷமாகக் கேட்கிறேன். மகள் படிப்பு முடியட்டும் என்றார், முடிந்தது. வீட்டுக்கு மேல்தளம் போட்டுவிடுவோம் என்றார், போட்டாயிற்று. அலை எப்போது ஓய்வது, தலை எப்போது முழுகுவது.

திருநாளன்று காலையில் வாடைக்காற்றும் பொசபொசவென்று தூறலும். பதினோரு வள்ளங்கள் கயிற்றுக்குப் பின்னால் முட்டி மோதிக்கொண்டு நின்றன. கரை முழுக்கக் குடை. பங்குச் சாமியார் மந்திரித்து முடித்துவிட்டு எனக்குத் தலையை ஆட்டினார். மகள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். அந்தப் பக்கம் அவர். கப்பல் நங்கூரத்தில் நின்றதால் அன்றைக்குச் சிக்னல் கிடைத்தது.

மருந்தையும் நாரையும் வீட்டு வராந்தாவிலேயே இட்டுக் கெட்டித்திருந்தேன். வாயைத் தக்கையால் அடைத்து மூடிக்கொண்டுதான் வந்தேன். இனி கேப்பு மட்டும். ஒரு பையில் புது டப்பா. இன்னொரு பையில் மாத்திரைக் குப்பி. எதைப் போட வேண்டும் என்று எனக்குத் தெரியும். பின்கட்டில் சோதித்துப் பார்த்தவளே நான். ஆனாலும் கை குப்பிக்குப் போனது.

ஏன் என்று பிறகு மகள் கேட்டாள், கமிட்டித் தலைவர் கேட்டார், என் மனசாட்சியே கேட்டது. சொல்கிறேன், வெட்கமில்லை. 'இது தீருததுக்குள்ள வந்திருவேன்' என்று சொல்லிக் கொடுத்த குப்பி. அப்படியென்றால் அது தீர வேண்டும் அல்லவா? புதுக் கேப்பைப் போட்டுக்கொண்டே இருந்தால் குப்பி எப்போது குறையும்? ஒன்று குறைந்தால் ஒரு எட்டு அவர் கிட்டே வந்த மாதிரி. அவர் விரல் தொட்டுப் பார்த்துப் பொறுக்கியது வேறு. இரண்டு வருஷமாகத் தொடாத விரல். படித்த பொம்பளை, அலுவலகத்தில் நாலு பேருக்குப் புத்தி சொல்கிறவள், அன்றைக்கு அந்தக் கூட்டத்தின் நடுவே நின்று இப்படித்தான் நினைத்தேன்.

வாய்த் தக்கையைப் பிடுங்கிவிட்டு, செம்புக் கேப்பை மூக்கில் மாட்டினேன். ஒரு மரத்துண்டால் அழுத்தினேன், பாதியில் நின்றது. இறங்கிவிடும் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டு, கடலைப் பார்த்துப் பிடித்து விசையை அமுக்கினேன்.

டொக்.

 ஒரு வள்ளம் அந்த 'டொக்'கையே வெடி என்று எடுத்துக்கொண்டு பாய்ந்து, கயிற்றில் முட்டி நின்றது. கரை முழுக்கச் சிரிப்பு. "ஏலே, துப்பாக்கி விக்கல் எடுக்குலே!" என்று ஒருவன் கத்தினான். "சைரன எடுத்துட்டு வாங்கலே!" என்று இன்னொருவன். காது இரண்டும் எனக்கு எரிந்தது. உடனே குதிரையை இழுக்கத்தான் கை பரபரத்தது. ஆனால் வாய் தானாகத் தொடங்கிவிட்டது. அருள் நிறைந்த மரியே வாழ்க. கர்த்தர் உம்முடனே. குழல் கடல் பக்கமே இருந்தது. மழை கண்ணிமையில் வழிந்தது. ஒரு வரி சொல்வதற்கு ஒரு மணி நேரம் ஆகிற மாதிரி இருந்தது. கமிட்டித் தலைவர் என் பக்கத்தில் வந்து நின்றார். மந்திரத்தின் பின்பாதியை அவரும் என்னோடு முணுமுணுத்தார். ஆமென்.

குதிரையை மறுபடி இழுத்து அமுக்கினேன்.

மாதாவே, என்ன வெடி அது! கோயில் புறாக்கள் அத்தனையும் எழும்பின. வள்ளங்கள் பாய்ந்தன. புகை காற்றில் திரும்பி வந்து என் முகத்திலேயே அப்பியது. சிரித்தவர்கள் இப்போது ஊளையிட்டார்கள், சந்தோஷத்தில். நான் மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

கமிட்டித் தலைவர் குனிந்து, "ரெண்டாவது அடின்னாலும் வெடி வெடிதான் தங்கச்சி. அடுத்த வருஷமும் நீதான். சைரன்காரனுவள நான் பாத்துக்கிடுதேன்" என்றார். 

மகள் போனைக் கொடுத்தாள். அவர் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"கேட்டுச்சா?"

"நல்லாக் கேட்டுச்சு. மொத ஒரு டொக்கும் கேட்டுச்சு. ஏளா, எந்தக் கேப்பப் போட்ட?"

"உங்களோடது."

"கிறுக்கச்சி. புதுசத்தான போடச் சொன்னேன்?"

"சொன்னிய."

 என்னைச் சமாதானப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு, ரொம்ப அன்பாகச் சொன்னார்: "சரி போகட்டும். குப்பியில இன்னும் நாலு இருக்கும்லா? பத்திரமா வையி. இன்னும் நாலு திருநாளுக்கு நமக்குக் கவலையில்ல."

நாலு திருநாள். அப்போதுதான் மண்டையில் உறைத்தது. வருஷத்துக்கு ஒரு வெடி. ஆறு கேப்பு. அன்றைக்குக் குசினி மேசையில் கண்ணாடியை இறக்கிவிட்டு அவர் பொறுக்கிப் போட்டது ஆறு வருஷம். தினமும் கணக்குப் பார்த்துச் சரக்குக் காகிதம் தயாரிக்கிற எனக்கு இந்தச் சின்னக் கணக்கு இவ்வளவு நாள் தெரியவில்லை. தெரிந்துகொள்ள விரும்பவில்லை என்பதுதான் நிஜம். போனை மகளிடம் கொடுத்துவிட்டு எழுந்தேன். எந்த வள்ளம் ஜெயித்தது என்றுகூட நான் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து துப்பாக்கியைக் கழுவித் துடைத்தேன். கம்பியை விட்டு, குழல் காலி என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டேன். பிறகு பின்கட்டுக்குப் போய், குப்பியைத் திறந்து, மீதி நாலையும் வாழைமரத்து அடிமண்ணைப் பார்த்து ஒன்றொன்றாக அடித்தேன். டொக், ஒரு மந்திரம், படார். டொக், ஒரு மந்திரம், படார். நாலும் இரண்டாவது அடிக்குத்தான் வெடித்தன. பக்கத்து வீட்டுக்காரி மதில் மேல் எட்டிப் பார்த்து, "என்னக்கா, எலியா?" என்றாள். "ஆமா, பெரிய எலி" என்றேன். குப்பியில் வறுத்த அரிசி நாலு மணி மட்டும் மிச்சம். அதைப் போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பினேன். ஒரு வார்த்தையும் எழுதவில்லை.

பத்து நிமிஷத்தில் போன் வந்தது.

"ஏளா, என்ன இது?"

"குப்பி தீந்துட்டு."

"நாலையுமா வெடிச்சுத் தீத்த?"

"ஆமா. சொன்ன சொல்லு சொல்லுதான? தீருததுக்குள்ள ஒரேயடியா வந்திருவேன்னிய. தீந்துட்டு. எப்ப வாரிய?"

அவர் சிரிக்கப் பார்த்தார். பாதியில் நின்றுவிட்டது. அந்தப் பக்கம் எஞ்சின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. 

வழக்கமாக நான் இந்த இடத்தில்தான் கோபப்பட்டுப் போனை வைப்பேன். இருபத்தாறு வருஷமாக அப்படித்தான் வைத்திருக்கிறேன். அன்றைக்கு வைக்கவில்லை. போனைக் காதில் வைத்தபடி, சத்தமில்லாமல், ஒரு அருள்நிறை மந்திரம் முழுதாகச் சொல்லி முடித்தேன். பிறகு மறுபடி கேட்டேன்.

"எப்ப வாரிய?"